பனி மூடிய சாலையில் ஒவ்வொரு காருக்கும் ஒரு குணம்: அறிந்து ஓட்டும் முறை

உலர்ந்த சாலையில் இன்றைய கார்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்குப் போகிறதா பின்சக்கரங்களுக்குப் போகிறதா என்பதைக்கூட நகர வேகத்தில் ஓட்டுபவர் உணர்வது அரிது. சாலையில் பனி படிந்துவிட்டால் இந்த ஒற்றுமை கலைந்துவிடுகிறது. காரின் எடை எந்தப் பக்கம் மிகுந்திருக்கிறது, எந்தச் சக்கரம் முதலில் பிடிப்பை இழக்கிறது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி என்ன செய்கிறது என்பவையெல்லாம் மணிக்கு 30 கி.மீ. வேகத்திலேயே தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. பனியில் ஓட்டுவதன் கடினமும் அதன் இன்பமும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. உங்கள் கார் எந்த முனையில் முதலில் வழுக்கும் என்பதையும், அப்போது உங்கள் கால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பதே பனியில் ஓட்டக் கற்பதன் சாரம் என்று நான் கருதுகிறேன்.

பிடிப்பின் கணக்கு

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். வேகமெடுப்பது, வேகத்தைக் குறைப்பது, திரும்புவது ஆகிய மூன்று வேலைகளும் அந்த நான்கு சிறு பரப்புகளில் கிடைக்கும் உராய்வையே பங்கிட்டுக்கொள்கின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவைக் காட்டும் எண், 0.8 அளவில் இருக்கும். அழுந்திய பனியில் அது 0.2 முதல் 0.3 வரை இறங்கும்; பனிக்கட்டியின் மேல் 0.1 அல்லது அதற்கும் கீழே போகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்த பிறகு, உலர்ந்த சாலையில் 12 அல்லது 13 மீட்டருக்குள் நின்றுவிடும். கெழு 0.2 ஆக இருக்கும் பனியில் அதே காருக்கு ஏறக்குறைய 50 மீட்டரும், 0.1 ஆக இருக்கும் பனிக்கட்டியில் 100 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் தேவைப்படும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள் கடந்துவிடும் தூரம் இதில் சேரவில்லை. ஒரு வினாடி தாமதித்தாலே அது 14 மீட்டர்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. உராய்வு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், வளைவில் செல்லக்கூடிய உச்ச வேகம் பாதியாகத்தான் குறைகிறது. நிற்கத் தேவைப்படும் தூரமோ நான்கு மடங்காகிறது. எனவே வளைவுகளைத் தடையின்றிக் கடந்து வந்தவர், சாலை தம் கட்டுப்பாட்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, அடுத்த சந்திப்பில் நிறுத்த முடியாமல் தவிக்க நேரிடுகிறது. ஆறுதலான மறுபக்கமும் உண்டு: வேகத்தை 50-லிருந்து 30 ஆகக் குறைத்தால் நிற்கும் தூரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வேறு எந்தத் திறமையும் இவ்வளவு பயனைத் தராது.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். கடுங்குளிரைவிடப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய நிலையே மிகவும் வழுக்கும், ஏனெனில் அப்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரியில் பனி வறண்டு, டயருக்கு வியக்கத்தக்க பிடிப்பைத் தரும். ஆனால் சாலையில் தூவும் சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே பெரிதும் வலுவிழந்துவிடுவதால், உப்பு போட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் அந்தக் குளிரில் வேகமாகச் செல்லக் கூடாது. பாலங்களின் மேற்பரப்பு அடியிலிருந்தும் குளிர்வதால் மற்ற சாலைக்கு முன்பே உறையும். மரநிழலிலும் மலையின் நிழற்பக்கத்திலும் உறைந்தது நண்பகல் வரை இளகாமல் இருக்கும். ஈரமாகத் தெரியும் சாலையில் முன்னே செல்லும் வண்டியின் சக்கரங்கள் நீரைச் சிதறவில்லை என்றால், அங்கே இருப்பது நீரன்று, கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டிப் படலம். டயரின் ஓசை திடீரென அடங்கி, ஸ்டீயரிங் கனமற்றுப் போவதும் அதே எச்சரிக்கைதான்.

டயரே முதல் முடிவு

எந்தக் காரை ஓட்டுகிறீர்கள் என்பதைவிட எந்த டயரில் ஓட்டுகிறீர்கள் என்பது முக்கியமானது. நல்ல குளிர்கால டயர் பூட்டிய சாதாரண முன்சக்கர இயக்கக் கார், கோடைக்கால டயருடன் வரும் விலையுயர்ந்த நான்கு சக்கர இயக்கக் காரைவிடப் பனியில் பாதுகாப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கோடைக்கால டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் உறைநிலைக்குக் கீழும் மென்மையாகவே இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. அதன் முகப்பில் உள்ள நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. பள்ளங்களில் அழுந்திய பனி, சாலையில் கிடக்கும் பனியோடு ஒட்டிக்கொள்வதும் பிடிப்பின் ஒரு பகுதியே.

டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னம் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியதற்கு அடையாளம். சேறு, பனி என்பவற்றைக் குறிக்கும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகளை மட்டும் பொறிக்க அத்தகைய சோதனை தேவையில்லை. சட்டம் 1.6 மி.மீ. ஆழத்தை ஏற்கும் நாடுகளிலும், பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ.-க்குக் கீழே வந்தவுடன் அந்த டயரைப் பனிக்கு நம்பக் கூடாது. குளிர்கால டயரை நான்கு சக்கரங்களிலும் பூட்ட வேண்டும். செலவைக் குறைக்க இயங்கும் முன்சக்கரங்களுக்கு மட்டும் பூட்டினால், முன்பகுதி சாலையைப் பிடித்திருக்கையில் பின்பகுதி பிரேக் பிடித்தவுடன் சுழன்று முன்னுக்கு வரப் பார்க்கும்.

அகலமான டயர் பனிக்கு நல்லது என்பது பரவலான தவறான எண்ணம். ஆழமான, இளகிய பனியில் ஒடுங்கிய டயர் அதைப் பிளந்துகொண்டு அடித்தளத்தைத் தொடும். அகலமான டயர் அதன் மேல் மிதக்கும். பனிக்கால ராலிப் பந்தயங்களில் ஒடுங்கிய, ஆணி பதித்த டயர்களைப் பயன்படுத்துவது இதனால்தான். காற்றழுத்தத்தையும் குளிரில் சரிபார்க்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை குறையும்.

எல்லாக் கார்களுக்கும் பொதுவான கைப்பழக்கம்

ஒரு நேரத்தில் ஒரு வேலை என்பதே அடிப்படை. வளைவுக்கு முன்பே, கார் நேராகச் செல்கையில், பிரேக்கை முடித்துவிட்டு, பிறகு மெல்லத் திருப்பி, வளைவு விரியத் தொடங்கிய பின்பே ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டும். உலர்ந்த சாலையில் இந்த மூன்றையும் கலந்து செய்யும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பனி அதை மன்னிப்பதில்லை. கால் அசைவுகள் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிய வேண்டும். தடித்த காலணியின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஏறுவது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் வழுக்கும் அடிப்பகுதியால் பெடலை நுட்பமாக அழுத்த இயலாது.

பிரேக் பிடிக்கும் முறை காரின் வயதைப் பொறுத்தது. 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் போஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு, வந்த பிறகு அது படிப்படியாக எல்லாக் கார்களுக்கும் பரவியது. ஏபிஎஸ் உள்ள காரில் அவசரம் நேர்ந்தால் பெடலை உறுதியாக அழுத்தி, அது காலடியில் அதிர்ந்தாலும் விடாமல் பிடித்துக்கொண்டு, தடையைச் சுற்றித் திருப்ப வேண்டும். இறுகாத புதுப்பனியில் ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைச் சற்றுக் கூட்டலாம், ஏனெனில் பூட்டிக்கொண்ட சக்கரம் தன் முன்னே பனியைக் குவித்து அணைபோட, சுழலும் சக்கரம் அதைச் செய்வதில்லை. இருந்தும், திருப்பும் ஆற்றல் கையில் இருப்பது அந்தச் சில மீட்டர்களைவிட மதிப்புள்ளது. ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லை வரை அழுத்தி, பூட்டியதும் தளர்த்தி, மீண்டும் அழுத்த வேண்டும்.

சறுக்கல் இரண்டு வகை. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே சென்றால் அது முன்பக்கச் சறுக்கல். அப்போது இன்னும் அதிகமாகத் திருப்பத் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, ஸ்டீயரிங்கைச் சற்றே நேராக்கி, முன்டயர் மீண்டும் பிடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பின்பகுதி பக்கவாட்டில் விலகினால் அது பின்பக்கச் சறுக்கல். அப்போது போக வேண்டிய திசையைப் பார்த்து, கையையும் அத்திசையிலேயே திருப்ப வேண்டும் (இதுவே எதிர்த்திருப்பம்); பின்பகுதி திரும்பி வரத் தொடங்கியவுடன் ஸ்டீயரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். இரண்டாவது பாதியைத் தாமதப்படுத்துவதால்தான் கார் எதிர்ப்பக்கமாக வீசி எறியப்படுகிறது.

முன்சக்கர இயக்கக் கார்

எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்ந்திருப்பதால் இத்தகைய கார் பனியில் எளிதாகக் கிளம்பும். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியைச் சிறிய மினி கூப்பர் வென்றதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். இதன் குறை, இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் அதே இரு டயர்களின் மேல் விழுவது. வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்பக்கம் வெளிநோக்கி வழுக்கும். காலைத் தளர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதால் புதிதாகப் பழகுபவருக்கு இதுவே ஏற்ற கார்.

ஆனால் இதிலும் மறைந்திருக்கும் ஒரு குணம் உண்டு. வளைவின் நடுவே பதற்றத்தில் காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னோக்கிச் சாய்ந்து, இலேசான பின்பகுதி விலகலாம். பின்டயர்கள் தேய்ந்திருந்தால் இது இன்னும் எளிதாக நேரும். அந்நிலையில் எதிர்த்திருப்பத்தோடு ஆக்ஸிலரேட்டரை இலேசாகத் தொட்டால் முன்சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கும். ஏற்றத்தில் எடை பின்னோக்கி நகர்வதால் முன்சக்கரங்கள் சுழன்றுகொண்டே நிற்கலாம். ஏற்றத்தின் அடியிலேயே தேவையான வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக ஏறுவதே வழி. கியர் காரில் இரண்டாம் கியரில் கிளம்பினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை குறைந்து, சுழற்சி அடங்கும்.

பின்சக்கர இயக்கக் கார்

பனியில் ஓட்டுவதன் இன்பத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தக் காரைத்தான் நினைக்கிறார்கள். முன்சக்கரங்கள் திருப்ப மட்டுமே, பின்சக்கரங்கள் தள்ள மட்டுமே என்று வேலை பிரிந்திருப்பதால், ஸ்டீயரிங்கில் சாலையின் நிலை கலப்பின்றி உணரப்படும். கூடவே, வலது கால் இரண்டாவது ஸ்டீயரிங்காக மாறிவிடும். ஆக்ஸிலரேட்டரைச் சிறிது கூட்டினால் பின்பகுதி வெளியே நகரும். சிறிது குறைத்தால் உள்ளே திரும்பும். திறந்த பனிவெளியில், கையும் காலும் ஒன்றுக்கொன்று விடையளித்துக்கொண்டு, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்த கோணத்திலேயே ஒரு பெரிய வட்டத்தை நிதானமாக வரைந்து முடிக்கும்போது கிடைக்கும் நிறைவை வேறு எந்த ஓட்டத்திலும் நான் கண்டதில்லை. அதற்கு வேகமே தேவையில்லை என்பதுதான் பனியின் கொடை.

சாலையிலோ இதே தன்மை கவனத்தைக் கோருகிறது. எஞ்சின் முன்னே இருந்து, பின்பகுதி இலேசாக இருந்தால் கிளம்புவதே கடினம். எடையை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்து அமைத்த கார்கள் இதில் தேறும். காலியான பிக்கப் வண்டிகள் மிகவும் திணறும். பிக்கப்பில் பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை வைத்து, நகராதபடி கட்டிவிடுவது நெடுங்காலமாகப் பலன் தரும் முறை. மூட்டைகளைத் தட்டின் கடைசியில் வைக்கக் கூடாது, அது முன்சக்கரங்களை இலேசாக்கித் திருப்பும் ஆற்றலைக் குறைத்துவிடும். சக்கரம் சிக்கினால் அந்த மணலையே அடியில் தூவலாம்.

பின்சக்கர இயக்கத்தில் எஞ்சின் பிரேக்கும், அதாவது காலை எடுக்கும்போது எஞ்சினே காரின் வேகத்தைக் குறைப்பதும், பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். வழுக்கும் இறக்கத்தில் கியரைத் திடீரெனக் குறைத்தால், கைப்பிரேக்கை இழுத்ததற்குச் சமமான விளைவு உண்டாகிப் பின்பகுதி விலகும். கியரைக் குறைப்பதாயின் எஞ்சின் சுழற்சியைச் சற்றே உயர்த்திக் கிளட்சை மெல்ல விட வேண்டும். அப்படியும் பின்பகுதி விலகினால் கிளட்சை மிதித்துவிடுங்கள். சக்கரங்கள் விடுபட்டு உருள, பக்கவாட்டுப் பிடிப்பு திரும்பிவரும். ஆட்டோமேட்டிக் காரில் பனி முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அது இரண்டாம் கியரில் கிளம்பி, ஆக்ஸிலரேட்டரின் வேகத்தைத் தணிக்கும்.

எஞ்சினே பின்னால் இருக்கும் கார்கள் தனி இனம். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் போர்ஷே 911-உம் இயங்கும் சக்கரங்களின் மேல் எஞ்சினைச் சுமப்பதால் பனி ஏற்றங்களை வியக்கும்படி ஏறும். 1968-இல் மான்டே கார்லோவை 911 வென்றது. அவற்றில் முன்பகுதி இலேசாக இருப்பதால் திருப்பத்தின் தொடக்கத்தில் பொறுமை வேண்டும். பிரேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே திருப்பினால் முன்டயர்களின் மேல் எடை நிற்கும். வளைவுக்குள் காலைச் சட்டென எடுத்தால் கனமான பின்பகுதி சுழலத் தொடங்கும், அதைத் தடுத்து நிறுத்துவது எளிதன்று.

நான்கு சக்கர இயக்கக் கார்

1980-இல் வெளிவந்த ஆடி குவாட்ரோவை ஓட்டி, ராலி ஓட்டுநர் ஹன்னு மிக்கோலா அடுத்த ஆண்டே பனி நிறைந்த ஸ்வீடன் ராலியை வென்றதோடு, நான்கு சக்கர இயக்கம் கரடுமுரடான பாதைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் மாறியது. இருக்கும் பிடிப்பு முழுவதையும் முன்னோக்கிச் செல்வதற்குப் பயன்படுத்த இதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை. ஆயினும் பனிச்சாலையில் என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது இந்தக் கார்தான். எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களால்தான் நிற்கின்றன. ஆகவே நிற்பதில் இதற்கு எந்த மேன்மையும் இல்லை. மற்ற கார்களில் கிளம்பும்போதே சக்கரம் சுழன்று, சாலை வழுக்குகிறது என்று ஓட்டுபவருக்கு அறிவித்துவிடும். நான்கு சக்கர இயக்கம் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. தடுமாற்றமே இன்றி 70 கி.மீ. வேகத்தை எட்டியவர், முதல் தடையைக் கண்டு பிரேக்கை அழுத்தும்போதுதான் சாலையின் உண்மை நிலையை அறிகிறார். இத்தகைய காரில் ஏறியவுடன், பின்னால் எவரும் வராத நேரான இடத்தில், மெதுவாகச் செல்கையில் பிரேக்கைச் சிறிது அழுத்திப் பிடிப்பைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். புறப்பட்ட இடத்தில் ஒருமுறையும், சாலையின் நிறமோ உயரமோ மாறும் இடங்களில் மறுபடியும் சோதிக்கலாம்.

நான்கு சக்கர இயக்கம் எல்லாம் ஒரே வகை அல்ல. இன்றைய சிறிய எஸ்.யூ.வி.களில் பெரும்பாலானவை இயல்பில் முன்சக்கர இயக்கக் கார்களே. முன்சக்கரம் சுழலும்போதோ சுழலக்கூடும் என்று கணினி கணிக்கும்போதோ பின்சக்கரங்களுக்கு விசை செல்கிறது. எனவே வளைவில் முதலில் முன்பக்கம் வழுக்கி, பிறகு பின்பக்கம் தள்ளத் தொடங்கும். இந்த மாற்றத்தை எதிர்பார்த்திருந்தால் பதற்றம் வராது. எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார்கள் சீரானவை. அவற்றில் பின்பக்கச் சறுக்கல் தொடங்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விடாமல் இலேசாகப் பிடித்திருந்தால் கார் தன்னைத்தானே இழுத்து நிமிரும். ஜீப் வகை வண்டிகளில் நெம்புகோலால் சேர்க்கும் பழைய அமைப்பு முன் அச்சையும் பின் அச்சையும் இறுக்கிப் பூட்டிவிடுவதால், பனியில் மட்டுமே அதைப் பயன்படுத்தி, உலர்ந்த தார்ச்சாலை வந்ததும் விடுவித்துவிட வேண்டும். அவற்றில் குறுகிய திருப்பங்களில் முன்பக்கம் பிடிவாதமாக நேரே செல்லப் பார்க்கும்.

உயரமான எஸ்.யூ.வி.யின் உண்மையான பலம் தரைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளி. பனி அந்த உயரத்தைத் தாண்டினால் கார் வயிற்றால் பனியில் ஏறி உட்கார்ந்துவிடும்; பிறகு எத்தனை சக்கரம் இயங்கினாலும் பயனில்லை.

மின்சாரக் கார்

தரைத்தட்டில் பரவியிருக்கும் பேட்டரியின் கனத்தால் மின்சாரக் காரின் எடை தாழ்வாகவும் சமமாகவும் இருக்கும். மோட்டாரின் விசையை எஞ்சினைவிடப் பல மடங்கு விரைவாகக் கூட்டிக் குறைக்க முடிவதால், சக்கரம் சுழலத் தொடங்கும் கணத்திலேயே கணினி அதை அடக்கிவிடும். பனியில் மென்மையாகக் கிளம்புவதில் இவை பழைய கார்கள் பலவற்றை மிஞ்சுகின்றன.

கவனிக்க வேண்டியது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணம். அப்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் காரின் வேகத்தைக் குறைக்கிறது. மோட்டார் பின்னால் மட்டும் இருக்கும் காரில் இந்தத் தடை பின்சக்கரங்களின் மேல் மட்டுமே விழும்; பனிக்கட்டியில் அது பின்பகுதியை விலக வைக்கலாம். கணினி பெரும்பாலும் தலையிட்டுக் காப்பாற்றும் என்றாலும், வழுக்கும் சாலையில் இந்த மீள்மின் பிரேக்கின் அளவைக் குறைந்த நிலையில் வைத்து, வேகத்தைக் குறைக்கும் வேலையை நான்கு சக்கரங்களையும் பிடிக்கும் பிரேக் பெடலிடம் ஒப்படைப்பதே நல்லது. இன்னொன்று: பேட்டரி குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை முழுமையாக ஏற்காது என்பதால், காலை எடுத்தால் வழக்கம்போல் கார் தானாக மெதுவாகாது. ஒரே பெடலால் ஓட்டிப் பழகிய கால், பிரேக்கைத் தேடத் தாமதிக்கும் இடம் இதுவே. சார்ஜரில் இணைந்திருக்கும்போதே காரின் உட்புறத்தையும் பேட்டரியையும் சூடாக்கிக்கொண்டால், இந்தக் குறையும் குளிரால் ஏற்படும் தூரக் குறைவும் தணியும்.

பழகும் இடமும் பழகும் முறையும்

சறுக்கல் என்பது முதன்முறையாகப் பொதுச்சாலையில் நேரக் கூடாது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கான பயிற்சியில் வழுக்கும் சாலையில் ஓட்டுவதையும் சேர்த்திருப்பது மிகவும் அறிவார்ந்த ஏற்பாடு. அத்தகைய பயிற்சித் தளம் அருகில் இருந்தால் அங்கே செல்வதே முதல் தேர்வு. இல்லையெனில், உரியவரின் அனுமதி பெற்று, விளக்குக்கம்பமும் நடைமேடை விளிம்பும் ஆட்களும் இல்லாத, பனி மூடிய சமதளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். உறைந்த ஏரியின் மேல், அதற்கென அளந்து பராமரிக்கும் அமைப்பாளர் இல்லாமல், ஒருபோதும் காரைக் கொண்டுசெல்லக் கூடாது.

முதலில் 30 கி.மீ. வேகத்தில் நேராகச் சென்று பிரேக்கை முழுவதுமாக அழுத்துங்கள். ஏபிஎஸ் அதிர்வு காலுக்குப் பழகட்டும். எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அடுத்து, பிரேக்கை அழுத்தியபடியே ஒரு பக்கம் விலகிச் செல்லப் பாருங்கள். பிறகு பெரிய வட்டமாக ஓட்டி, வேகத்தை மிக மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால், ஏதோ ஒரு முனை முதலில் வழுக்கத் தொடங்கும். அந்த முனை எது என்பதுதான் உங்கள் காரின் குணம். அதே வட்டத்தில் காலைச் சட்டென எடுத்தால் என்ன நேர்கிறது, மெல்ல எடுத்தால் என்ன நேர்கிறது என்று ஒப்பிடுங்கள். காரின் நிலைநிறுத்தும் அமைப்பு, அதாவது இ.எஸ்.சி., இயங்கும்போதும் அணைத்த பிறகும் இதைச் செய்து பார்த்தால், 1995-இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமான அந்த அமைப்பு ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து எவ்வளவு வேலை செய்கிறது என்பது விளங்கும். சாலையில் ஓடும்போது அதை ஒருபோதும் அணைக்க வேண்டாம்.

பயிற்சித் தளத்துக்கு வெளியே அதை அணைக்கத் தக்க ஒரே சூழல், கார் பனியில் சிக்கிக்கொண்டபோதுதான். அப்போது சக்கரச் சுழற்சியை அடக்கும் அமைப்பு விசையையே நிறுத்திவிடக்கூடும். முதலில் சக்கரங்களின் முன்னும் பின்னும் உள்ள பனியை அகற்றி, ஸ்டீயரிங்கை நேராக்கி, மணலைத் தூவி, மிகக் குறைந்த விசையில் நகர்த்திப் பாருங்கள். வேகமாகச் சுழற்றினால் அடியில் உள்ள பனி உருகி, பளபளக்கும் பனிக்கட்டியாக உறைந்துவிடும். முன்னும் பின்னுமாக ஆட்டி எடுப்பதாயின் ஒவ்வொரு முறையும் சக்கரம் நின்ற பிறகே கியரை மாற்றுங்கள். சக்கரச் சங்கிலி பூட்டுவதாயின் இயங்கும் சக்கரங்களில் பூட்டி, சிறிது தூரம் சென்று மீண்டும் இறுக்கி, 50 கி.மீ.-க்குள் ஓட்டுங்கள். உதவி வரும் வரை காத்திருக்க நேர்ந்தால், எஞ்சினை இயக்கும் முன் புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும். அடைபட்ட குழாயிலிருந்து காருக்குள் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது உயிரைப் பறிக்கும்.

பழகாத வேறொரு காரை எடுக்கும்போது

வாடகைக் காரையோ நண்பரின் காரையோ பனிநாளில் எடுக்க நேர்ந்தால், விசை எந்தச் சக்கரங்களுக்குப் போகிறது என்பதையும் எந்த டயர் பூட்டியிருக்கிறது என்பதையும் கேட்டு அறிந்த பிறகே சாவியை வாங்குங்கள். கூரையில் உள்ள பனியை முழுவதும் தள்ளிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது அது சரிந்து முன்கண்ணாடியை மூடும். எல்.இ.டி. விளக்குகள் பழைய விளக்குகளைப் போல் சூடாகிப் பனியை உருக்குவதில்லை என்பதால் அவற்றைக் கையால் துடைக்க வேண்டும். முன்புற ரேடாரையும் கேமராக்களையும் அவ்வாறே துடைக்க வேண்டும். வேகத்தைத் தானாகக் காக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். மீள்மின் பிரேக், பனி முறை, இ.எஸ்.சி. ஆகியவற்றின் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்பதை நிற்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, போக்குவரத்து இல்லாத முதல் தெருவில் 20 கி.மீ. வேகத்தில் ஒருமுறை நின்று பார்த்து, ஒருமுறை கிளம்பிப் பார்த்து, மெதுவான ஒரு திருப்பத்தில் காலைத் தளர்த்திப் பார்த்துவிட்டு முதன்மைச் சாலைக்குச் செல்லுங்கள்.